மறைத்து வைத்த ஃபோல்டர்

கறுப்பு. திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் வெள்ளையாக இரண்டே வரி. மேல் வரி பழைய சிஸ்டம், கீழ் வரி புதியது. முப்பது விநாடிக்குள் கீழ் வரிக்கு இறங்கி எண்டரைத் தட்டாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகப் பழையதற்குள் போய்விடும். இருபத்தேழு. இருபத்தாறு. இந்து கண்ணாடியைத் தேடுகிறாள். கண்ணாடி தலையில் இருக்கிறது இந்து, முடிக்குள் ஏற்றி வைத்திருக்கிறாய், மேசைமேல் இல்லை, என் போர்வைமேல் இல்லை, இருபத்தொன்று, போர்வையை உதறாதே, தலை, தலை. சொல்ல முடியாது. நரம்பு நோயில் கைகால் விழுந்து, வாயால் சொல்ல முடியாமல் போய் ஐந்து வருடம் ஆகிறது. ஆனால் அதில் கடைசி நாலு வருடமும் வலது கன்னத்துக்குக் கீழே ஒரு பொத்தான் இருந்தது. திரையில் எழுத்து வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டிய இடத்தில் கன்னத்தைச் சற்று இறக்கினால் எழுத்து விழும், எழுத்து சேர்ந்து சொல்லாகும், ஸ்பீக்கரில் ஓர் ஆண்குரல் எனக்காகப் பேசும். இப்போது பொத்தான் இல்லை. கம்ப்யூட்டரில் வேலை செய்வது இரண்டு துளைதான், ஒன்றில் மௌஸ், ஒன்றில் கீபோர்டு, அதற்காக என் பொத்தானின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறாள். "ஒரு மணி நேரந்தாங்க, அப்புறம் மாட்டி விட்டுடுறேன்." பொத்தான் இருந்த இடத்தில் கன்னம் சில்லென்று இருக்கிறது. பதினொன்று. பத்து. கண்ணாடி கிடைத்துவிட்டது. மூக்கில் இறக்கி, குனிந்து, ஒரு விரலால் அம்புக்குறியை அமுக்கினாள். பட்டை கீழ் வரிக்கு இறங்கியது. எண்டர். வட்டம் சுற்றத் தொடங்கியது. மூச்சு வந்தது. எனக்கு மூச்சு வருவதெல்லாம் இப்போது ஒரு சங்கதி, எத்தனை வருகிறது, எத்தனை போதவில்லை என்று மதுரை டாக்டர் குறித்து வைத்திருக்கிறார். நாளைக்குக் காலை பத்து மணிக்கு அவரிடம் போகிறோம். நாளைக்கு அவர் கேட்பார். கேட்கும்போது எனக்குப் பேச்சு வேண்டும்.

இடது காது மடங்கிக் கிடக்கிறது. என்னைத் திரைப்பக்கம் திருப்பி வைத்தபோது தலையணைக்கும் தலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வெற்றிலையை மடித்த மாதிரி மடங்கி, முதலில் கொஞ்சம் உறுத்தல், இப்போது சூடு, இன்னும் பத்து நிமிடத்தில் வலி ஆகும். பொத்தான் இருந்தால் "காது" என்று சொல்லியிருப்பேன், ஒரே தட்டு, அது சொற்பட்டியலில் இருக்கிறது. காது, கொசு, ஃபேன், மூக்கு அரிக்குது, எச்சில், தண்ணி, நீ சாப்ட்டியா. நாலு வருடம் நான் அதிகம் சொன்னவை இவைதான். இருபத்திரண்டு வருடம் நூற்பாலையில் எண்பது கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்த கோமதிநாயகத்தின் மொழி ஃபேன், கொசு என்று ஆகிவிட்டது. இருக்கட்டும். அதுவும் இல்லாமல் கிடப்பது எப்படி என்று இந்த அரை மணி நேரமாகத் தெரிகிறது. பழைய சிஸ்டம் ஒரு மாதமாகவே சரியில்லை. வாக்கியத்தின் நடுவில் உறைந்து நின்றுவிடும், நான் "எனக்கு மூச்சு" என்றதோடு நின்று, இந்து அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து, மூச்சுக்கு என்ன என்று தெரியாமல் என் நெஞ்சைத் தடவுவாள். அதனால்தான் போன வாரம் சவரிமுத்து வந்து, அதே ஹார்டு டிஸ்கில் காலியாக இருந்த பகுதியில் புது சிஸ்டத்தைப் போட்டுவிட்டுப் போனான். ஆலையில் எனக்குக் கீழே பத்து வருடம் இருந்தவன், இப்போது ஓசூரில் பெரிய வேலை. புதுசு பிசகில்லாமல் ஓடுகிறது. ஆனால் அதற்கு என்னைத் தெரியாது. எழுத்து வரிசை எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும், கன்னம் எவ்வளவு நேரம் அழுந்தினால் அதைத் தொடுதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், குரல் எவ்வளவு கனம், ஒன்றும் தெரியாது. ஒரு வரிசைக்கு ஒன்று புள்ளி நாலு விநாடி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. ஒன்று புள்ளி மூன்றில் என் கன்னம் தவறவிடும், ஒன்று புள்ளி ஐந்தில் எனக்கே பைத்தியம் பிடிக்கும். இந்த மாதிரி அளவுகளையெல்லாம் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் இன்றைய வேலை.

"அக்கா, வந்துடுச்சா?" சவரியின் குரல் போனிலிருந்து. போனை என் வயிற்றின்மேல் ஸ்பீக்கரில் வைத்திருக்கிறாள், வேறு இடமில்லை என்று. அவன் பேசும்போது என் வயிறு அதிர்கிறது. "வந்துடுச்சு தம்பி. நீலமா இருக்கு." "சரிக்கா. இப்ப அங்க பேசுற சாஃப்ட்வேர தொறங்க. செட்டிங்ஸ் உள்ள போங்க. இம்போர்ட்னு இருக்கும்." அவள் வேதியியல் டீச்சர், பதினாலு வருடம் பிள்ளைகளுக்குச் சமன்பாடு சொல்லிக் கொடுத்தவள். சொன்னதை எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடுகிறாள். பேப்பரில் அவள் எழுத்து எனக்குத் தெரிகிறது, ஒன்று, இரண்டு, மூன்று, பக்கத்தில் வட்டம். அவள் மணிக்கட்டில் பழுப்புத் துணிப்பட்டை. என்னைத் தூக்கித் தூக்கி வலது மணிக்கட்டு வீங்கி ஒரு வருடமாக இறங்கவில்லை. கேட்டால், "மாவு ஆட்டுனா எல்லாருக்குந்தான் வரும்" என்பாள். நாங்கள் கிரைண்டரில்தான் மாவு ஆட்டுகிறோம். "என்னங்க, பாருங்க, பட்டியல் வருது. எது எது வேணும்னு கேக்குது. வாசிக்கிறேன், கண்ணக் காட்டுங்க." கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. "வேகம்?" மேலே. "குரல்?" மேலே. "அன்றாடச் சொல்?" மேலே. "சாப்பாடு?" மேலே. "ஆஸ்பத்திரி?" மேலே, மேலே. "திட்டு. ஏங்க, திட்டுன்னு ஒரு பட்டியலா? யாரத் திட்டுறதுக்கு?" சிரித்துவிட்டாள். போனுக்குள் சவரியும் சிரித்தான், "அக்கா, அது எனக்குன்னு நெனைக்கிறேன்." எனக்குள்ளும் சிரிப்பு வந்தது, அது முகம்வரை வராது, வயிற்றோடு நின்றுவிடும். போன் லேசாக ஆடியிருக்கும்.

முடிந்தது என்று திரையில் பச்சையாக ஒரு கோடு ஓடி நிறைந்தது. "டெஸ்ட் பண்ணுங்கக்கா. ஏதாவது அடிச்சுப் பாருங்க." அவள் கீபோர்டில் இ-யும் ந்-உம் அடித்தாள். இந். திரையின் கீழே, அடுத்து என்ன சொல் வரும் என்று கணித்துக் காட்டும் பெட்டி. பழையதில் நான் இந் என்று தொடங்கினால் போதும், முதல் பெட்டியில் இந்து என்று நிற்கும், கன்னத்தின் ஒரே இறக்கம். இப்போது நின்றவை இந்தியா, இந்திய, இந்த. "தம்பி, என் பேரு வரலையே." "அதுவாக்கா, அது பழக்கத்துல வர்றது. புதுசுதானே, ரெண்டு மூணு மாசத்துல அவர் எழுத எழுத அதுவே கத்துக்கும். மத்ததெல்லாம் வந்துடுச்சுல்ல?" ரெண்டு மூணு மாசம். சவரி, ரெண்டு மூணு மாசமாடா. நாளைக்குக் காலை பத்து மணிடா. டாக்டர் இருபது நிமிடம் தருவார், அதில் பத்து நிமிடம் நெஞ்சில் கருவி வைத்துப் பார்ப்பார். கணிப்பு இருந்தால் நான் ஒரு வாக்கியத்தை இரண்டு நிமிடத்தில் சொல்வேன், இல்லாவிட்டால் ஒன்பது. நாலு வருடம் நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் ஒரு கோப்பில் இருக்கிறது, எதற்குப் பின் எது வரும் என்று, எனக்கு முன்னால் அதற்கே தெரிந்த மாதிரி. அது இம்போர்ட்டில் வராது. பழைய சிஸ்டத்துக்குள் ஒரு ஃபோல்டரில் தனியாக, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். கையால் எடுத்துவந்து வைக்க வேண்டும். இதை நேற்றே சொல்லியிருக்கலாம். நேற்றுப் பொத்தான் இருந்தது. ஏன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த ஃபோல்டருக்குள் இன்னொன்றும் இருக்கிறது. டாக்டருக்கு நான் எழுதிய கடிதம். பதினோரு நாள் எழுதினேன், அவள் குளிக்கும்போது, சந்தைக்குப் போகும்போது, துணி காயப்போட மாடிக்குப் போகும்போது. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் மிட்டாயை டெஸ்க்குக்குள் தள்ளுவது போல அதை அந்த மறைந்த ஃபோல்டருக்குள் தள்ளினேன், அவள் ஒருநாளும் போகாத இடம். தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தால் மூச்சு விடலாம் என்று டாக்டர் போன மாதமே சொன்னார். போட்டால் வருடக்கணக்கில் இருக்கலாம். போடாவிட்டால், அவர் மேசைமேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு, "அது வேற மாதிரி" என்றார். திரும்பி வரும் வழியிலேயே இந்து முடிவெடுத்துவிட்டாள். "போட்டுக்கலாங்க. நான் பாத்துக்கறேன்." ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்ஸம்மாவிடம் போய்ச் சளி உறிஞ்சும் மெஷினைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். முன்னறையில் இருந்த பீரோவை அவளே தள்ளி மூலையில் வைத்து மூச்சு மெஷினுக்கு இடம் பண்ணினாள். பீரோ சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டது இன்னும் காதில் இருக்கிறது. என்னைக் கேட்கவில்லை. கேட்டாள், இல்லை கேட்டாள், "போட்டுக்கலாம்லங்க?" என்று கேட்டாள், ஆனால் அது கேள்வியா. நான் கண்ணை மேலேயும் தூக்கவில்லை, மூடவும் இல்லை, ஃபேனைப் பார்த்தேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். எனக்கு வேண்டாம். அவள் மணிக்கட்டுக்காக வேண்டாமா, எனக்காகவே வேண்டாமா என்று இரவும் பகலும் பிரித்துப் பார்த்துவிட்டேன், பிரியவில்லை. ஒருநாள் வேண்டாம் என்பது அவளுக்காக என்று தோன்றும், மறுநாள் சும்மா சொல்லாதே, உனக்கு அலுத்துவிட்டது என்று தோன்றும். கடிதத்தில் காரணம் எழுதவில்லை. என்னென்ன வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். நாளைக்கு அவள் மருந்துச் சீட்டோடு வெளியே போகிற நேரம் பார்த்து டாக்டருக்குக் காட்டலாம் என்று.

"அப்ப அவ்ளோதாங்கக்கா. இனி பழசைத் துடைச்சிடலாம்." துடைச்சிடலாம். "இல்லன்னா ஒவ்வொரு தடவையும் அந்த முப்பது செகண்டு லிஸ்ட் வரும். நீங்க அசந்தா பழசுக்குப் போய் உறைஞ்சு நின்னுடும். நாளைக்கு ஆஸ்பத்திரியில அப்படி ஆச்சுன்னா? சார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதான், மாத்துன அன்னைக்கே பழசைத் துடைச்சிடணும், ரெண்டையும் வச்சுக்கிட்டு இருந்தா ஆளு பழசுக்கே போயிடுவான்னு." சொன்னேன். ஆலையின் ஏசி அறையில் நின்றுகொண்டு, கையில் டீ டம்ளரோடு, பத்துப் பேர் முன்னால் சொன்னேன். ஆனால் துடைக்கும் முன் சரிபார்க்க வேண்டும் என்றும் சொன்னேனே சவரி, அதைக் காதில் வாங்கவில்லையா. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. "எதத் தொடணும்?" "மை கம்ப்யூட்டர் போங்க. பழைய டிரைவ் தெரியுதா? அதுல ரைட் கிளிக். ஃபார்மட்." அவள் பேப்பரில் எழுதுகிறாள். ஒன்பது. ஃபார்மட். பக்கத்தில் வட்டம். நான் கண்ணை மூடினேன். இல்லை. மூடிக்கொண்டே கிடந்தேன். அவள் பார்ப்பது திரையை. கண்ணைத் திறந்து மூடித் திறந்து மூடினேன், அவள் முதுகுக்குக் கண் இல்லை. ம் என்று ஒரு சத்தம் என்னால் போட முடியும், மூக்கு வழியாக, கொசுவை விடக் கொஞ்சம் பெரிதாக. போட்டேன். மிக்ஸி. மறுபடி போட்டேன். மிக்ஸி, சவரி, "அதுல ஸ்டார்ட்னு இருக்கும் பாருங்க", என் வயிறு அதிர்ந்தது.

ஒரு கணம், ஒரே கணம், விட்டுவிடு என்று தோன்றியது. போகட்டும். சொற்களும் போகும், கடிதமும் போகும், யாருக்கும் தெரியாது. பதினோரு நாள் எழுதியதை நான் எழுதவே இல்லை என்று ஆகிவிடும், இந்து போட்டுக்கலாம் என்பாள், டாக்டர் போடுவார், வேண்டாம் என்று ஒருவன் நினைத்தான் என்பதற்குத் தடயமே இருக்காது. அது எவ்வளவு சுலபம். சவரியை நிறுத்தினால் ஃபோல்டர் திறக்கும். ஃபோல்டர் திறந்தால் அவள் பார்ப்பாள். பார்க்காமல் இருக்கமாட்டாள், பதினாலு வருடம் விடைத்தாள் திருத்தியவள், கோப்பின் பேரைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று வாசனை பிடித்துவிடுவாள். நிறுத்தாவிட்டால், இந்தியா, இந்திய, இந்த. நாளைக்கு டாக்டர் கேட்கும்போது, நான் முதல் வார்த்தையை முடிப்பதற்குள் அவள் எனக்காகப் பதில் சொல்லி முடித்துவிடுவாள், அன்போடு, என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே. நாளைக்கு மட்டுமா. அதற்கப்புறம் எல்லா நாளும். "எச்சரிக்கைன்னு ஏதோ வருது தம்பி, ஆல் டேட்டா..." அவள் ஆங்கிலத்தை நிதானமாக எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், பரீட்சைக் கேள்வியை வாசிப்பது போல. "அது அப்படித்தாங்கக்கா கேக்கும். ஓகே குடுங்க." எனக்கு ஒன்றுதான் இருந்தது. வாயில் ஊறி நின்ற எச்சிலை நான் எப்போதும் மிகவும் கவனமாக, தாடையைக் குறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவேன், தப்பினால் நுரையீரலுக்குப் போய்விடும், போன வருடம் ஒருமுறை போய் எட்டு நாள் ஆஸ்பத்திரி. விழுங்காமல் விட்டேன். தொண்டையைத் தளர்த்தி, பின்னால் வழிய விட்டேன்.

நெருப்பு. இருமல் வரவில்லை, இருமுவதற்குக் காற்று இல்லை, நெஞ்சு மட்டும் துள்ளியது, போன் வயிற்றிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. நாற்காலி உருண்டு சுவரில் மோதும் சத்தம். "என்னங்க! ஏங்க!" அவள் கை என் தோளுக்கடியில், பட்டை கட்டிய மணிக்கட்டு, ஒரே தூக்கில் பக்கவாட்டில் சாய்த்துவிட்டாள். உறிஞ்சும் மெஷின் கடகடவென்று ஓடியது, குழாய் கன்னத்துக்கு உள்ளே, நாக்குக்குப் பின்னால், சரியாக அந்த இடம். காற்று ஒரு நூலாக வந்தது, பிறகு கயிறாக. வெளுத்த கூரை, ஃபேன், அவள் முகம், தலைகீழாக. மடங்கியிருந்த காதை அவள் விரல் தானாகவே கண்டுபிடித்து நீவிவிட்டது. தரையிலிருந்து சவரி, "அக்கா? அக்கா? சாருக்கு என்னாச்சுக்கா?" என்று கத்திக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்ல தம்பி, எச்சி ஏறிடுச்சு, இரு." என் வாயைத் துடைத்தாள். நான் அவளையே பார்த்தேன், பிறகு திரையைப் பார்த்தேன், பிறகு அவளை, பிறகு திரையை. எச்சரிக்கைப் பெட்டி அப்படியே நின்றது. ஓகே இன்னும் தொடப்படவில்லை. "என்ன? கம்ப்யூட்டரா? எதாச்சும் சொல்லணுமா?" மேலே.

பொத்தான் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. அவள் எழுத்து வரிசையைச் சொல்லுவாள், நான் கண்ணைத் தூக்குவேன். நாலு வருடமாகத் தொடவில்லை, மறந்திருப்பாளோ என்று பயந்தேன், மறக்கவில்லை. "க வரி? ட வரி? ப வரி?" மேலே. "ப? ம?" மேலே. "ம. மருந்தா? மணியா? மணி பதினொண்ணே கால்." மூடினேன். "சரி, அடுத்தது. க வரி? ட? ப? ல?" மேலே. "ல, வ, ழ, ள, ற?" மேலே. "மற. மறந்துட்டீங்களா? நான் எதையாச்சும் மறந்துட்டேனா?" மூடினேன். "றா? றி? றீ? று?" ஒவ்வொன்றுக்கும் என் கண் தானாகத் தூக்கப் பார்த்தது, பிடித்து வைத்தேன். "றெ? றே? றை?" மேலே. "மறை." அவள் நெற்றி சுருங்கியது. "மறையா? யாரு மறைச்சா? நான் உங்ககிட்ட எதையும் மறைக்கலையேங்க." அந்த வார்த்தை எங்கே குத்தியது என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. நான் கண்ணை மூடவும் இல்லை, தூக்கவும் இல்லை. தரையிலிருந்து சவரி, "அக்கா, மறைன்னா சொன்னாரு? மறை... ஐயோ, ஹிட்டன்! மறைச்சு வச்ச ஃபோல்டர்! சார், கத்துக்கிட்ட வார்த்தையெல்லாம் பழசுல ஹிட்டனா இருக்கா சார்?" மேலே. "மேல பாக்குறாரு தம்பி." "அடப்பாவி நான். அக்கா, ஓகே குடுத்துட்டீங்களா?" "இல்ல." "குடுத்துடாதீங்க. சாமி. கேன்சல் குடுங்க." அவள் கேன்சலைத் தட்டினாள். பெட்டி மறைந்தது. எனக்குக் கண் எரிந்தது, இருமலில் வந்த தண்ணீரா வேறா தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, நான் அதை நிறுத்த முடியாத இடத்தில் கிடந்தேன். சவரி ஒவ்வொன்றாகச் சொன்னான், மறைந்தவற்றைக் காட்டு என்பதில் டிக், பழைய டிரைவ், யூசர்ஸ், அதற்குள், அதற்குள். மங்கலான மஞ்சளில் ஒரு ஃபோல்டர் எழுந்து வந்தது. "முழுசா காப்பி பண்ணிடுங்கக்கா, உள்ள போக வேணாம்." போக வேண்டாம், இந்து. அவன் சொல்கிறான் பார், போக வேண்டாம். அவள் இரண்டு முறை தட்டி உள்ளே போனாள். பட்டியல் விரிந்தது. ஆங்கிலப் பெயர்களும் எண்களுமாக ஏழெட்டு, நடுவில் தமிழில் ஒன்றே ஒன்று. டாக்டருக்கு. வேறு பேர் வைத்திருக்கலாம், வைக்கத்தான் நினைத்தேன், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. மிக்ஸி நின்றிருந்தது. "தம்பி, நான் அப்புறம் கூப்பிடுறேன்." "அக்கா, காப்பி பண்ணி புதுசுல..." "தெரியும். பண்ணிட்டுக் கூப்பிடுறேன்." போனை வைத்தாள். திறந்தாள். எனக்குத் தெரிந்தது அவள் முதுகு, பின்கழுத்தில் வியர்வையில் ஒட்டிய முடி, கண்ணாடியின் கம்பி. கடிதம் பதினாறு வரி. வாசிக்க ஒரு நிமிடம் போதும். அவள் அதற்கு மேல் உட்கார்ந்திருந்தாள். தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று மைக்கில் ஒருவன் போனான், தெருமுனை வரை போய் அந்தக் குரல் திரும்பி வந்தது, அப்போதும் அவள் அப்படியே இருந்தாள். அழுகிறாளா. தோள் ஆடவில்லை. கோபமா. திரும்பி ஒரு வார்த்தை சொல்லிவிடு, எதுவானாலும். அதை அழித்துவிட அவளுக்கு ஒரு தட்டு போதும், நான் சாட்சி சொல்ல முடியாது, எழுதவே இல்லையே என்று அவள் சொன்னால் முடிந்தது. இந்த எண்ணம் வந்ததற்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அவள் சுட்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல் அசைந்தது. ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்தாள். புதியதில் வைத்தாள். பேப்பரில் இருந்த ஒன்பதை அடித்து, பத்து என்று எழுதி, வட்டம் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினாள். கறுப்புத் திரை, இரண்டு வரி, இந்த முறை முப்பது விநாடியில் மூன்றுகூட ஆகவில்லை, கீழே இறங்கி எண்டர். இந் என்று அடித்தாள், அவள் பேர் வந்து நின்றது. ஜன்னல் திண்டிலிருந்து வயரை எடுத்து, மௌஸைப் பிடுங்கிவிட்டு மாட்டி, பொத்தானை என் கன்னத்தடியில் வைத்துப் பட்டையை இறுக்கினாள். விரல் சில்லென்று இருந்தது. என் முகத்துக்கு நேராக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "பேசுங்க."

எழுத்து வரிசைகள் ஒன்று புள்ளி நாலு விநாடிக்கு ஒன்றாக ஒளிர்ந்து இறங்கின, நாலு வருடப் பழக்கம் அப்படியே, ஒரு மயிரிழை பிசகவில்லை. எத்தனையோ சொல்ல இருந்தது. "கோபமா" என்றேன். ஸ்பீக்கரில் அந்த ஆண்குரல் என்னைவிடத் தைரியமாகக் கேட்டது. "ஆமா" என்றாள். "நீங்க வேணாம்னு சொன்னதுக்கு இல்ல. அது உங்க உடம்பு. நான் பீரோவத் தள்ளும்போது படுத்துக்கிட்டே பாத்தீங்களே, அப்பவே வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கண்ண மூடுனாப் போதும். மூடுனா எனக்குப் புரியாதா?" நான் கன்னத்தை இறக்கினேன். "நீ அழுவ." "அழுவேன். அழுதா என்ன?" மூக்கை முந்தானையில் துடைத்தாள். "எனக்கு நீங்க வேணும். துளை போட்டாவது வேணும். நான் டாக்டர்கிட்ட அதச் சொல்லுவேன், உங்க முன்னாடியே சொல்லுவேன். நீங்க வேணாம்னு சொல்லுங்க, என் முன்னாடி. ரெண்டையும் அவர் கேக்கட்டும். அப்புறம் நீங்க சொல்றதுதான். நான் குறுக்க வரமாட்டேன். ஆனா நான் மருந்து வாங்கப் போற நேரம் பாத்து, என் முதுகுக்குப் பின்னாடி..." என் உள்ளே எதுவோ இத்தனை நாள் இறுகிப் பிடித்திருந்தது விட்டுப்போனது, அது நிம்மதி இல்லை, பயம்தான், ஆனால் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்த பயம் இல்லை.

கடிதத்தைத் திரையில் பெரிதாகத் திறந்தாள். வகுப்பில் வாசிப்பது போல உரக்க வாசித்தாள், முதல் வரியிலிருந்து, குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அந்த வரியிலிருந்தே தொடங்கினாள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். கடைசி வரிக்கு வந்தாள். 'என் மனைவியிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.' வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இந்த வரி இனி தேவையில்லல்ல?" என்றாள். கண்ணை மேலே தூக்கினேன். அவளுக்கு ஒரு வரியை மொத்தமாகப் பிடித்து அழிக்கத் தெரியும், செய்யவில்லை. கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி அழித்தாள். சொல்லிவிடுங்கள் போனது. நீங்களே போனது. இதை போனது. மனைவியிடம் என்பதில் வந்து ம்-ஐயும் ட-வையும் அழித்து, யி-யை அழித்து, விரலை எடுத்துவிட்டாள். திரையில் நின்றது, 'என் மனைவி'. அதற்குப் பக்கத்தில் கோடு விட்டுவிட்டுத் துடித்தது. "மிச்சத்த நீங்க எழுதுங்க" என்றாள். எழுந்து போகவில்லை. நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வரிசைகள் ஒளிர்ந்து இறங்கின. க வரி. ட வரி. ப வரி. ல வரி. ஒரு சுற்று விட்டேன். இன்னொரு சுற்று விட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, என்ன எழுதப்போகிறேன் என்று கேட்கவும் இல்லை. மூன்றாவது சுற்றில் கன்னத்தை இறக்கினேன்.